துறை மாற நினைக்கும் பொறியியல் வாலிபர்க்கு

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாளைச் செங்கற்பட்டு வட்டாரத்தில் பல குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. மறைமலை நகரில் இயங்கிவந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அன்றுதான் அறிவித்தது. 1999இல் ஐகான் காருடன் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளிவந்தது. உலகப் பெயர் பெற்ற நிறுவனம், மாதந் தவறாத சம்பளம், மாப்பிள்ளை விசாரிக்க வருவோர் மறுகேள்வி கேட்காத உத்தியோகம். எல்லாம் ஓராண்டுக்குள் முடிந்தன.

இயந்திரப் பொறியியல் படித்த நம் பிள்ளை, வேலையில் அமர்ந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் "வேறு துறைக்குப் போகலாமென்று பார்க்கிறேன்" என்று சொன்னால் வீட்டில் எழும் கலக்கம் நாம் அறிந்ததே. "நிலைத்து நிற்கத் தெரியாதவன்" என்று வாப்பா சொல்வார். கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்று உம்மா அஞ்சுவார். நிறுவனமே நிலைக்காத காலத்தில் பிள்ளையை மட்டும் நிலைத்து நிற்கச் சொல்வது எவ்வளவு நியாயம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கு மிக அணுக்கமான சான்று ஒன்று உண்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் பயின்றவர் டாக்டர் அப்துல் கலாம். அக்கல்லூரியில் சேரத் தமக்கை ஜொஹரா தம் தங்க நகைகளை அடகு வைத்துப் பணம் தந்தார். 1958இல் பாதுகாப்புத் துறையில் பணியேற்ற கலாம், பெங்களூரில் 'நந்தி' என்னும் காற்று மெத்தை ஊர்தியை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. 1962இல், பணியேற்ற நான்கே ஆண்டில், அவர் ராக்கெட் துறைக்கு மாறினார். அன்று இந்தியாவில் அத்துறைக்குப் பெயரும் இல்லை, கட்டடமும் இல்லை. தும்பாவில் ஒரு மாதா கோயில் கட்டடத்தில்தான் வேலை தொடங்கிற்று.

எல்லோரும் கலாம் ஆகிவிட முடியாதுதான். நம் மாவட்டத்து வாலிபர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம் கடற்கரை. அதற்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும்.

நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024இலும் திறக்கப்பெற்றன. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றின் உள்ளே இருப்பது என்ன? லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புள்ள கடல்நீரை, கார் டயரில் உள்ளதைப் போல் 25 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் சவ்வுக்குள் செலுத்தும் பம்புகள். பேரிங், அதிர்வு, தண்டின் நேர்வரிசை, கசிவு ஆகிய அனைத்தும் கார் ஆலையில் பழகியவர் அறிந்த செய்திகளே. ஒரு பாகம் எவ்வாறு பழுதாகும் என்பதை முன்கூட்டியே எழுதிப் பார்க்கும் கார்த் தொழிலின் ஒழுங்கு இங்கே பெரிதும் பயன்படும். புதிதாகக் கற்க வேண்டியவை நீர் வேதியியலும் உலோக அரிமானமும். வீட்டில் நாம் புழங்கும் எவர்சில்வர்கூடக் கடல்நீரில் புள்ளி புள்ளியாகத் துளைபட்டுவிடும். இவற்றை ஓராண்டு உழைப்பில் கற்றுக்கொள்ளலாம்.

பம்புதானே என்று இளக்காரமாக எண்ணுவோருக்கு ஒரு சொல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் கல்பாக்கத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள் ஏறியதும், இயங்கிக்கொண்டிருந்த உலை உடனே பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அன்று அங்கே பணியில் இருந்தோரைக் கேட்டால் பம்பின் அருமை தெரியும்.

சபர் செல்லும் எண்ணமுள்ளோர்க்கும் இத்துறை ஏற்றது. சவூதி, குவைத், கத்தர், அமீரகம் ஆகிய நாடுகளின் குடிநீரில் பெரும்பங்கு கடலிலிருந்தே வருகிறது. நெம்மேலியில் பெற்ற பழக்கம் ஜுபைலில் கைகொடுக்கும்.

கல்பாக்கம் நிலைமை வேறு. அங்கே பொறியாளராக நுழையும் முதன்மை வாயில் பயிற்சிப் பணியே. அணுமின் கழகம் கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு அழைக்கிறது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 26. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 29. இருபத்திரண்டில் பட்டம் பெற்றவர் "பிறகு பார்க்கலாம்" என்று நான்கு ஆண்டுகளைப் போக்கினால், பொதுப் பிரிவுக் கதவு மூடிவிடும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் மத்திய அரசின் பட்டியலிலும் உள்ளனர். ஆனால் மாநிலத்தின் 3.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்காகக் கல்லூரியில் காட்டிய சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. கிரீமி லேயரில் சேராதவர் என்னும் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தனியே பெற வேண்டும். இந்த ஒரு தாளில் நம்மவர் பலர் கவனம் செலுத்துவதில்லை.

மாறுவது வேறு, தாவித் திரிவது வேறு. ஒரு வேலையேனும் கையில் படியுமுன் இடம் பெயர்பவரை அடுத்த நிறுவனம் ஐயத்தோடுதான் பார்க்கும். ஒப்பந்தக் காலம் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறைவேற்றிவிட்டே வெளியேற வேண்டும், அது வாக்கு. புதிய துறையில் முதலாண்டுச் சம்பளம் பெரும்பாலும் குறையும். ஆறு மாதச் செலவை முன்னரே சேமித்தவர் வட்டிக் கடையை நாட வேண்டியிராது. வீட்டாரும் இதை அறிந்து, அவ்வாண்டில் கல்யாணச் செலவையும் வீடு கட்டும் செலவையும் அவர் தலையில் ஏற்றாதிருக்க வேண்டும். பெரியோருடன் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுக்கும் பிள்ளையிடம் "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பதில் பொருளில்லை.

மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் தயாரிக்க, 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்பது திட்டம். அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்கும் வாலிபர் உண்டு. அதற்குள் அவருடைய வயதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கேட் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறுகிறது. விண்ணப்பம் அதற்கு முந்திய ஆண்டிலேயே, பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தொடங்கிவிடும்.