ஒரு பெட்டியில் 36 நாற்காலிகள்!

சாய்மானம் வில்லாக வளைந்து, ஆசனத்தில் பிரம்பு பின்னிய மர நாற்காலியைப் பழைய ஹோட்டல்களில் பார்த்திருப்பீர்கள். பம்பாய் இரானிக் கடைகளில் இன்றும் காணலாம். "இதில் என்ன அதிசயம்?" என்று கேட்காதீர்கள். மேஜை நாற்காலியை உலகமெங்கும் விற்பது எப்படி என்று வியாபாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அது!

அதைச் செய்தவர் மைக்கேல் டோனெட். ஜெர்மனியில், ரைன் நதிக்கரை ஊரான பொப்பார்டில் 1796-ல் பிறந்த தச்சர். மெல்லிய மரப் பட்டைகளைப் பசையிட்டு ஒட்டி வளைத்து நாற்காலி செய்தார். வேலையோ அழகு, வரவோ சொற்பம். கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். 1842-ல் ஊரை விட்டு வியன்னாவுக்குப் போய், முதலிலிருந்து தொடங்கினார். ஐந்து பிள்ளைகள் தோள் கொடுத்தார்கள். 1853-ல் தொழிலை அவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடல் கடந்து சரக்குப் போனபோது புதிய சங்கடம் முளைத்தது. ஈரக்காற்று வீசும் நாடுகளில் பசை இளகி, நாற்காலி பிரிந்துவிட்டது! டோனெட் பசையைக் கைவிட்டார். முழு பீச் மரக் கழிகளை நீராவியில் வேகவைத்து, வெடிக்காமலிருக்க வெளிப்புறத்தில் உலோகப் பட்டை கட்டி வளைத்தார். 1859-ல் பிறந்தது '14-ம் நம்பர்' நாற்காலி. 6 மரத் துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். அவ்வளவுதான்!

முழு நாற்காலியைக் கப்பலேற்றினால், பாதிக் கூலி காலுக்கு நடுவிலுள்ள காற்றுக்குத்தானே போகும்? துண்டுகளாக அடுக்கியபோது ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொண்டார்கள். மரத்தைத் தேடி அலையாமல், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவின் பீச் காடுகளுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்தார்கள். பிரம்பு பின்னுவதிலும் மெருகேற்றுவதிலும் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். 1930-க்குள் விற்றவை சுமார் 5 கோடி!

'ஐயோ, காடு என்ன ஆவது?' என்று உங்கள் மனம் கேட்கும். நியாயந்தான். பீச் மரம் வெட்டும் பருவத்தை அடைய நூறு வருஷமாவது ஆகும். அதில் செய்த நாற்காலி ஐந்தே வருஷத்தில் குப்பைக்குப் போனால், எந்தக் காடு ஈடு கொடுக்கும்? ஆனால், இந்த நாற்காலிக்கு மரம் கொஞ்சம் போதும். கால் ஒடிந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். பிரம்பு நைந்தால் மறுபடியும் பின்னலாம். பாட்டி உட்கார்ந்ததில் பேத்தியும் உட்காரலாம்.

பெட்டியில் அடக்கும் வித்தையை இன்றைய பெரிய கம்பெனிகள் நன்றாகவே கற்றுக்கொண்டன. நீடித்து உழைக்கும் வித்தை எல்லாச் சரக்கிலும் இருக்கிறதா? அழுத்திய மரத்தூள் பலகையில் ஒருமுறை திருகாணித் துளை தளர்ந்தால், பழுது பார்ப்பது எளிதல்ல. காட்டைக் கவனித்து வெட்டிய மரத்துக்குச் சான்று வழங்க, 1993-ல் எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பு ஏற்பட்டது. ஆனால், சான்று பெற்ற மரமும் சீக்கிரம் குப்பைக்குப் போனால் நஷ்டம் நஷ்டந்தான்.

ஆகவே, அடுத்த முறை நாற்காலி வாங்கும்போது விலைச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "எந்த மரம்? எந்தக் காட்டு மரம்? கால் உடைந்தால் மாற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு நம்முடையதல்லவா!