காட்டில் உயிர் பிழைக்கும் பயிற்சி: 850 வெள்ளிக்குத் தகுமா?

"மூணு நாள், ரெண்டு ராத்திரி. 850 வெள்ளி கேட்கிறாங்க அண்ணே. கட்டலாமா?"

எங்கள் குடியிருப்பில் லாரி ஓட்டும் ஒரு தந்தை கைப்பேசியை நீட்டிக் கேட்டார். திரையில் ஒரு விளம்பரம். முகத்தில் கரி பூசிய இளைஞர்கள், இடுப்பில் பாராங் கத்தி, நடுவில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. காட்டில் உயிர் பிழைக்கும் கலையைக் கற்றுத் தருகிறார்களாம். படிவம் நான்கில் படிக்கும் மகன் போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிறான். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. அதில் சரிபாதி மூன்று நாளில் போகிறது என்றால் எந்தக் குடும்பத்திலும் தயக்கம் வரத்தான் செய்யும்.

அவரே இன்னொன்றும் சொன்னார். "எங்க அப்பா பேராக்குல பால் வெட்டினவரு. காட்டு ஓரத்துலேயே காலம் தள்ளினாரு. அவரு யாருக்குக் காசு கட்டிப் படிச்சாரு?"

நியாயமான கேள்விதான். தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்தவை கொஞ்சநஞ்சமல்ல. அடைமழையில் நனைந்த விறகைப் பற்றவைக்க, மங்கில் காய்ந்து கிடக்கும் கட்டிப்பால் ஒரு துண்டு போதும். புகை கறுப்பாகக் கிளம்பும், நாற்றம் வீட்டை நிறைக்கும், ஆனால் நெருப்பு லேசில் அணையாது. அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீரைக் காலில் தேய்த்துக்கொள்வார்கள். ஓடைக்கரையில் பெரணிக் கீரையைப் பறித்து வந்து குழம்பு வைப்பார்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு தனியாக வேலைக்காட்டுக்குப் போனவர்களுக்கு இருட்டைக் கண்டு பயமும் இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிக்கு வந்த பிறகு இந்த அறிவு பிள்ளைகளுக்குக் கைமாறவில்லை. ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்ததில் கொஞ்சத்தை இப்போது விலை கொடுத்து வாங்குகிறோம் என்பது உண்மை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பால்மரக் காடு வேறு, அசல் காடு வேறு. தோட்டத்தில் மரங்கள் நிரை நிரையாக நிற்கும். எந்த நிரையைப் பிடித்து நடந்தாலும் கடைசியில் ஒரு செம்மண் பாதை வந்துவிடும். காட்டில் நிரை கிடையாது. இருபது அடி தள்ளிப் போனாலே வந்த பாதை கண்ணில் படாது. நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது காட்டின் ஓரம். உள்காடு தெரிந்தவர்கள் ஒராங் அஸ்லி மக்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படி ஒரு பயிற்சிக்குக் காசு கட்டிப் போயிருக்கிறேன். யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். சனிக்கிழமை முழுவதும் கட்டையைக் கட்டையோடு தேய்த்து நெருப்பு உண்டாக்கச் சொன்னார்கள். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. இருபத்து மூன்று பேர் தேய்த்தோம், கை கொப்பளித்ததுதான் மிச்சம். மாலையில் பயிற்றுநர் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தார்.

அந்த முகாமில் எனக்குப் பயன்பட்டது மொத்தம் அரை மணி நேரம்தான். ஞாயிறு காலை உதவிப் பயிற்றுநர் ஒருவர் எங்களில் நால்வரை மட்டும் பாதையை விட்டு ஐம்பது மீட்டர் உள்ளே அழைத்துப் போனார். கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்போது பாதைக்குத் திரும்புங்கள்" என்றார். நால்வரும் நான்கு திசையில் நடந்தோம். எனக்குச் சந்தேகமே இல்லை, என் திசைதான் சரி என்று அடித்துச் சொல்லியிருப்பேன். அது நேர் எதிர்த் திசை. காட்டில் என் மனம் இவ்வளவு உறுதியாகப் பொய் சொல்லும் என்பதை எந்தக் காணொளியும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. அந்த அரை மணிக்கு நான் கட்டிய காசு தகும். மற்றதற்குத் தகாது.

பயிற்சியின் விலையை எடைபோட இதுதான் என் அளவுகோல். நம் நாட்டுக் காட்டில் மனிதரை எது கொல்கிறது, இவர்கள் எதைச் சொல்லித் தருகிறார்கள்? இரண்டும் பொருந்தினால் கட்டலாம்.

பசி கொல்வதில்லை. வழி தவறியவரை முதல் சில நாள்களில் பசி ஒன்றும் செய்துவிடாது. ஆனால் விளம்பரங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும்: கண்ணி வைப்பது, கிழங்கு தோண்டுவது, கீரை பறிப்பது. கண்ணி விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். கிழங்கும் அப்படி எளிதல்ல. காடோங் என்ற காட்டுக் கிழங்கை ஒராங் அஸ்லி மக்கள் சீவி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து விஷத்தைப் போக்கிய பிறகே சாப்பிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கைப்பக்குவத்தை மூன்று நாளில் சொல்லித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கொல்வது தண்ணீர். மலாயில் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள், தலைவெள்ளம். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலை உச்சியில் ஒரு மணி நேரம் மழை கொட்டியிருக்கும். அங்கே தேங்கிய தண்ணீர் மரக்கிளையும் கல்லுமாகச் சேர்ந்து ஒரேயடியாக இறங்கும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இருந்து இரைச்சல் கேட்பது, இவைதான் அறிகுறிகள். பார்த்தவுடன் செருப்பையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் விட்டுவிட்டு மேட்டில் ஏற வேண்டும். ஓடையோரமாகக் கீழே ஓடக் கூடாது, வெள்ளமும் அங்கேதான் வரும். 2021 ஆகஸ்ட் 18-இல் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. தீபாவளி விடுமுறையிலும் பள்ளி விடுமுறையிலும் சட்டி பானையோடு நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பும் குடும்பங்களில் நம்மவர்களும் ஏராளம். இந்த ஒரு பத்தி தெரிந்திருப்பது, நெருப்புக் கட்டை தேய்ப்பதைவிடப் பல மடங்கு மேல்.

கூடாரம் போடும் இடமும் அப்படித்தான். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். உறங்கிக் கொண்டிருந்தவர்கள்மீது மலை இறங்கியபோது யாருடைய திறமையும் உதவியிருக்காது. அந்த முகாமுக்கு உரிமம் இல்லை என்று பிறகுதான் தெரிய வந்தது. அங்கே உயிரைக் காத்திருக்கக் கூடிய ஒரே கேள்வி புறப்படும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது இருட்டு. தீபகற்பத்தில் சூரியன் ஏழேகால் மணிவாக்கில் மறைகிறது என்றாலும், காட்டுக்குள் ஆறரைக்கே கண் தெரியாமல் போகத் தொடங்கும். வழி தவறியவர் பதறி ஓடுவதும், இருட்டில் சரிவில் விழுவதும்தான் ஆபத்து. நின்றுவிட வேண்டும், உட்கார வேண்டும், விசில் மூன்று முறை ஊத வேண்டும். நனைந்த உடம்போடு மலையில் ஓர் இரவு இருந்தால் நம் ஊரிலும் குளிர் ஆளைச் சாய்க்கும். ஒரு பெரிய குப்பைப் பை உடம்பைக் காக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே பதிவிறக்கம் செய்திருந்தால். விசில், குப்பைப் பை, டார்ச் லைட் எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளிகூட ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் எங்கே போயிருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2015 ஆகஸ்ட்டில் கிளந்தான் குவா மூசாங்கை அடுத்த போஸ் தொஹோயில், தண்டனைக்குப் பயந்து பள்ளி விடுதியை விட்டு ஏழு ஒராங் அஸ்லி பிள்ளைகள் காட்டுக்குள் போய்விட்டனர். ஆறு வாரத்துக்கும் மேல் கழித்து உயிருடன் கிடைத்தவர்கள் இருவர்தான். காட்டை அறிந்த சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். காட்டில் கிடைத்ததைத் தின்று நாளைக் கடத்தலாம். ஆனால் கடைசியில் உயிரைக் காப்பது, தேடுகிறவர்கள் வந்து சேர்வதுதான்.

சரி, பயிற்சிக்கு ஏன் இவ்வளவு விலை? நடத்துகிறவர் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். பன்னிரண்டு பேர் 850 வெள்ளி கட்டினால் 10,200 வெள்ளி. அதில் மூன்று பயிற்றுநர்களுக்கு மூன்று நாள் கூலி, வண்டி வாடகை, வன நுழைவு அனுமதி, காப்புறுதி, கூடாரம், சாப்பாடு எல்லாம் போக வேண்டும். அப்படிச் செய்கிறவருக்குப் பெரிய லாபம் நிற்காது. அந்த விலையைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். அதே 850-க்கு நாற்பது பிள்ளைகளை இரண்டு பேர் மேய்த்தால் அதைக் கொள்ளை என்றுதான் சொல்லுவேன். நீங்கள் காசு கொடுப்பது தகவலுக்கு அல்ல, தகவல் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் பிள்ளை தவறு செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தும் ஓர் ஆளுக்குத்தான் அந்தக் காசு.

ஆகவே கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பயிற்றுநர்? அவர்களிடம் காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழ் உண்டா, மலையேற்ற வழிகாட்டிக்கான வன இலாகாவின் 'மாலிம் குனோங்' தகுதி உண்டா? காட்டுக்குள் நுழைய அனுமதி வாங்கியாகிவிட்டதா? நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 'எங்களுக்குத் தெரிந்த இடம்தான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். பிறகு முக்கியமான கேள்வி: மழை பெய்தால் எப்போது முகாமை நிறுத்துவீர்கள்? நல்ல பயிற்றுநர் இதற்கு உடனே, விவரமாகப் பதில் சொல்வார். அனுபவம் இல்லாதவர் "மழையில்தான் அண்ணே த்ரில்" என்பார்.

அவ்வளவு காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இடைநிலைப்பள்ளிச் சாரணர் இயக்கத்தில் வரைபடம், திசைகாட்டி, முடிச்சு எல்லாம் வருகிறது. நம் பிள்ளைகள் பலர் சீருடைக் குழுவைப் புள்ளிக்காகச் சேரும் சங்கமாகவே நினைப்பதுதான் குறை. செயிண்ட் ஜான் அம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் ஆகியவை முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. அந்த வகுப்பு காட்டில் மட்டுமல்ல, வீட்டில் தாத்தா மயங்கி விழும்போதும் கைகொடுக்கும். நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் காட்டுப் பயிற்சியைவிட நீச்சல் வகுப்பே முதலில் தேவை. இவற்றையெல்லாம் முடித்துவிட்டு, சான்றிதழ் பெற்ற வழிகாட்டி ஒருவரை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாளுக்கு அமர்த்திக்கொள்ளலாம். தலைக்கு ஆகும் செலவு குறையும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்துச் சொல்கிறேன். சில பயிற்சிகளின் நோக்கமே நெருப்போ கயிறோ அல்ல. லூமுட்டில் 1954 முதல் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் போன்றவை, இளைஞர்களுக்கு மனத்திடத்தை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டவை. கைப்பேசியை விட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாத பிள்ளைக்கு அந்த வகைப் பயிற்சி நல்லதே செய்யும். ஆனால் அதற்கென்று போகிறோம் என்று தெரிந்து காசு கட்ட வேண்டும்.

அந்தத் தந்தை மறுநாளே விளம்பரத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தார். முதல் மூன்று கேள்விக்கும் பதில் சுமாராக வந்தது. மழையைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்களாம். அவர் கட்டவில்லை. மகன் இப்போது சனிக்கிழமைகளில் முதலுதவி வகுப்புக்குப் போகிறான். கட்டுப் போடப் பழக வீட்டில் தங்கையின் கைதான் கிடைக்கிறது. பாராங் எப்போது வாங்கித் தருவீர்கள் என்று மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம்.