சுழன்றும் உயிர் கொள்ளாத இயந்திரம்

மோட்டார் வண்டி கிளம்ப மறுக்கும்போது, ‘வண்டி ஸ்டாட் ஆகவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் கூறிவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்துள் இரு வேறு நோய்கள் அடங்கியுள்ளன. திறப்பைத் திருகியும் இயந்திரம் அசையாதிருப்பது ஒன்று. ஸ்டாட்டர் இயந்திரத்தை நன்கு சுழற்றியும் அது தானாக ஓடத் தொடங்காதிருப்பது மற்றொன்று. முன்னதற்குப் பெரும்பாலும் பற்றரியோ அதன் இணைப்புகளோ காரணமாகும். பின்னதைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

பெற்றோல் இயந்திரம் தானாக ஓட வேண்டுமாயின் நான்கு பொருந்தி அமையவேண்டும்: எரிபொருளின் ஆவி, காற்று, அவ்விரண்டையும் நெருக்கும் அழுத்தம், உரிய கணத்தில் எழும் மின்பொறி. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ‘ஆவி’ என்று கூறியதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். தாங்கியில் திரவமாகக் கிடக்கும் எண்ணெய் எரிவதில்லை. காற்றோடு கலந்த அதன் ஆவியே எரிகின்றது.

இவ்வுண்மையை வன்னி மக்கள் ஏட்டிலே படித்து அறிந்தாரல்லர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. 2002 இல் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்ட காலம்வரை வன்னியில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டினர். தாங்கியில் எண்ணெய் இருக்கும், பொறியும் எழும், ஆயினும் குளிர்ந்த இயந்திரம் சுழலுமேயன்றி உயிர் கொள்ளாது. பெற்றோல் பூச்சியத்துக்கு ஏறத்தாழ 40 பாகை கீழேயும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ 38 பாகை அளவிலேனும் வெப்பம் வேண்டும். ஆதலால், சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தை எழுப்பினர். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய் ஆவியாகி ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டது. பாம்பு தீண்டியவரையோ பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ ஏற்றிச் செல்லவேண்டிய இரவிலே, ஓர் உயிர் அத்துளிகளையே நம்பியிருந்தது. 1949 இல் பிரித்தானியாவில் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்றும் இவ்வாறே பெற்றோலில் எழுந்து, மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயில் ஓடியது.

அத்துளிகள் வேறொரு வினாவுக்கும் விடை தந்தன. அவற்றை விட்டதும் இயந்திரம் சில கணம் ஓடி நின்றுவிடின், பொறியும் அழுத்தமும் உள்ளன. குறை எரிபொருள் வரும் வழியிலேயே உள்ளது. ஒருமுறையேனும் இருமாவிடின், பொறியின் பக்கமே முதலில் தேடவேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த ஒழுங்கு, வண்டி திருத்துவோர்க்கும் பொருந்துமன்றோ?

இன்று பெற்றோலைக் கையால் ஊற்றிச் சோதித்தல் ஆகாது. இயந்திரம் தீயைப் பின்னோக்கிக் கக்கினால் முகமும் கையும் கருகும். அதே வினாவைப் பிளக்கிடம் கேட்கலாம். சிலமுறை சுழற்றிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை: தாங்கி வெறுமையா, வடிகட்டி அடைபட்டதா, பம்பி இயங்கவில்லையா என்று அவ்வழியே தேடுக. நனைந்து பெற்றோல் மணம் வீசினால், பொறி எழவில்லை. அன்றேல் எரிபொருள் மிகுதியாக வந்து பிளக்கை மூழ்கடித்துள்ளது.

இக்காலக் கார்களில் திறப்பைத் திருப்பியவுடன், ஸ்டாட்டர் சுழலுமுன், தாங்கியின் பக்கமிருந்து ஓரிரு வினாடி மெல்லிய ரீங்காரம் எழுவதுண்டு. அது எரிபொருள் பம்பியின் குரல். அக்குரல் கேளாவிடின் முதலில் பியூசைப் பாருங்கள். திருட்டுத் தடுப்பு விளக்கு ஓயாமல் மின்னினால், வண்டி தன் திறப்பை அடையாளம் காணவில்லை எனலாம். இயந்திரம் வழமையைவிட விரைவாகவும் தடையின்றியும் சுழன்றால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் மேலும் சுழற்றாது மெக்கானிக்கை அழைத்தலே அறிவு.

நம் வயல்களில் உழும் இயந்திரங்கள் டீசலில் ஓடுவன. அவற்றுக்குப் பொறி வேண்டுவதில்லை. நெருக்கப்பட்ட காற்றின் வெம்மையே எண்ணெயைப் பற்றவைக்கின்றது. தாங்கி வற்றிப்போய், மீண்டும் டீசல் ஊற்றியும் இயந்திரம் எழாவிடில், குழாயினுள் காற்றுப் புகுந்திருத்தலே பெரும்பாலும் காரணம். அக்காற்றை வெளியேற்றினாற் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் சோதனைக்கென்றும் சுழற்றலாகாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருகியது போன்ற வெள்ளம் மீண்டும் வரக்கூடும். காற்றைப்போல நீர் நெருங்கிக் கொடுப்பதில்லை. சுழற்றினால் இயந்திரத்தின் உள்ளுறுப்புகளே வளைந்துவிடும்.

எச்சோதனை செய்யினும், ஒருமுறைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே ஒரு நிமிடமேனும் ஓய்வு கொடுங்கள். பொறுமையிழந்து சுழற்றுவோர் பற்றரியின் வலுவையும் இழந்து, ஒரு நோயை இரண்டாக்கிக் கொள்வர். பிளக், வடிகட்டி, பம்பி யாவற்றையும் ஒருசேர மாற்றுவதும் வேண்டா. வண்டி ஓடிவிடலாம், ஆனால் எக்குறை தீர்ந்தது என்பது தெரியாது போகும். ஒவ்வொன்றாகச் சோதித்து, கண்டதைக் குறித்து வைத்து, திருத்த வருபவரிடம் கூறுங்கள். வைத்தியசாலை பல மைல் தொலைவிலுள்ள வன்னிச் சிற்றூர்களில் இவ்வறிவு சாரதிக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலுள்ள பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இதனை அறிந்திருத்தல் பெரிதும் நன்று.