அடுத்த வீட்டு ஓசையும் வாடகைக் குடித்தனமும்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கோ மும்பைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்து, வாடகை வீட்டிலே குடித்தனம் செய்யும் தமிழர் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. மேல்மாடியிலே நள்ளிரவுவரை இசைப்பெட்டி அலறும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விடிய விடிய ஜாக்ரண் நடக்கும். உள்ளே காலையில் தேர்வு எழுத வேண்டிய பிள்ளையும், இருதய நோயாளியான பெரியவரும் கண்மூடாமல் கிடப்பார்கள். ஆயினும் குடும்பத் தலைவர் வாய் திறப்பதில்லை. “நாம் வெளியூரார், வீடும் நமதன்று, எதற்கு வம்பு?” என்பதே அவர் வாதம். பொறுத்துக்கொள்வது, இல்லையேல் காலி செய்வது என்ற இரண்டு வழிகளே அவருக்குப் புலப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே வேறு வழிகள் உள்ளன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன், நம் வீட்டு ஓசையையும் சற்றுக் கேட்டுப் பார்ப்பது நலம். அதிகாலை ஐந்து மணிக்குச் சுழலும் மாவரைக்கும் இயந்திரமும், உரத்து ஒலிக்கும் சுப்ரபாதமும் நமக்கு மங்கலமாகப் படலாம். கீழ்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்கு அவ்வாறு படவேண்டும் என்ற கட்டாயமில்லை. சட்டக் கணக்கில் காலை ஆறு மணிவரை இரவுதான்.

முதற் காரியம் நேரில் சென்று பேசுவது. ஓசை எழும்பிக்கொண்டிருக்கும் இரவிலே, கோபத்தோடு கதவைத் தட்டுவதைவிட, மறுநாள் மாலை சென்று பேசுவது பயன் தரும். அரைகுறை இந்தியானாலும் அவர்கள் மொழியிலேயே, பெயரோடு ‘ஜீ’ சேர்த்துத் தொடங்கினால் பாதிப் பகைமை கரைந்துவிடும். “சத்தம் போடாதீர்கள்” என்று பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், குறிப்பாக ஒன்றைக் கேட்பது சிறந்தது: இரவு பத்து மணிக்குமேல் ஒலியைக் குறைக்கலாமா, ஒலிப்பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி, அடியிலே தடித்த விரிப்பு போட்டு வைக்கலாமா என்று கேட்கலாம். கட்டடத்தின் வழியே பரவுவது பெரும்பாலும் ‘தொம் தொம்’ என்னும் தாழ்ந்த ஒலியே. பெட்டி சுவரையோ தரையையோ தொட்டுக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு நேரே நம் கட்டிலுக்கு வந்துவிடும்.

பேசிப் பயனில்லையெனில் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஒலி மாசு விதிகள் நாடு முழுவதற்கும் உரியவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை உள்ள நேரம் அவ்விதிகளில் ‘இரவு’ எனப்படும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைத்தல் ஆகாது. அனுமதி இருந்தாலும், திருமண மண்டபம் போன்ற மூடிய கட்டடத்தின் உள் உபயோகத்துக்கும் பொது நெருக்கடிக்கும் தவிர, இரவில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ ஒலிக்கக் கூடாது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேற்படலாகாது. 2010-ஆம் ஆண்டின் திருத்தத்தால், குடியிருப்புப் பகுதிகளில் இரவிலே ஒலியெழுப்பும் கட்டட வேலைக் கருவிகளும் தடை செய்யப்பட்டன.

வீட்டிலே வைத்திருக்கும் சொந்த இசைப்பெட்டியும் இவ்விதிகளுக்கு உட்பட்டதே. அவ்வீட்டின் எல்லையில் அதன் ஒலி, அப்பகுதிக்குரிய வரம்பை 5 டெசிபலுக்கு மேல் விஞ்சலாகாது. டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கன்று; பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. கைப்பேசிச் செயலி காட்டும் எண் தோராயமானதே. அதையே முழுச் சான்றாக நம்பிவிடக் கூடாது.

புகார் செய்வோர் கருத்தில் கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பகலில், ஒலி தன் வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ விஞ்சினால்தான் புகாருக்கு இடம். இரவுக்குரிய தடையை மீறினாலோ, அம்மீறலே புகாருக்குப் போதும். அளவுகருவியை நாம் தேடி அலைய வேண்டுவதில்லை. ஆகவே இரவு பத்து மணிக்குப் பிந்திய நிகழ்ச்சிகளைத் தேதி, நேரம், ஒலியின் தன்மை ஆகியவற்றுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதே பெரும் உதவி. அவ்வப்போது 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். தொடர்ந்த தொல்லையாயின், மாவட்ட ஆட்சியருக்கோ காவல்துறை ஆணையருக்கோ, இதற்கென அரசு நியமித்த அதிகாரிக்கோ எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்.

சட்ட ஆங்கிலத்தில் ‘நியூசன்ஸ்’ என்பதைத் தமிழில் ‘தொல்லை’ என்று மொழிபெயர்க்கிறோம். சொல் எளிது, ஆனால் சட்டத்தில் பொதுத்தொல்லை வேறு, தனித்தொல்லை வேறு. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ்த் தண்டனைக்குரியது பொதுத்தொல்லை. ஒரு வீட்டார் மட்டும் முறையிட்டால், இது இரு குடும்பங்களின் சச்சரவு என்று காவலர் கைகழுவக்கூடும். நாலைந்து வீட்டார் கையொப்பமிட்டால் அதற்குப் பொதுமுகம் வந்துவிடுகிறது. வெளியூரார் என்ற அச்சத்துக்கும் அதுவே மருந்து. மனுவிலே உள்ளூர்ப் பெயர்களும் இருக்கும்.

வாடகைக்காரருக்கு மற்றொரு கதவும் உண்டு. தொல்லை தருபவர் அதே வீட்டுக்காரரின் மற்றொரு குடித்தனக்காரராயின், வீட்டுக்காரருக்கு எழுதவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வாடகையை ஒழுங்காகச் செலுத்திவரும் குடித்தனக்காரர் இடையூறின்றிக் குடியிருக்க உரியவர் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆவது பிரிவின் கருத்து. ‘வாடகையைச் செலுத்திவரும்’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். சினத்தால் வாடகையை நிறுத்தி வைப்பவர் தம் கையிலுள்ள ஆயுதத்தைத் தாமே எறிந்துவிடுகிறார். தொல்லை தருபவர் சொந்த வீட்டுக்காரராயிருந்தால், குடியிருப்போர் சங்கத்தை நாடலாம். கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் உறுப்பினர் வீட்டின் உரிமையாளரே ஆதலால், நம் முறையீட்டை அவர் வழியாக அனுப்புவதே பலன் தரும்.

நாற்காலி இழுப்பதும், கதவை அறைவதும், குடித்துவிட்டுச் சண்டையிடுவதும் மேற்சொன்ன ஒலிபெருக்கி விதிகளுக்குள் எளிதில் அடங்குவன அல்ல. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம் என்பது உண்மை. ஆனால் சாதாரண மனிதர் ஒருவரால் பொறுக்கவொண்ணாத அளவுக்குத் தொல்லை உண்டென்று காட்டவேண்டும். காலமும் பணமும் கரையும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, வழக்கு முடியுமுன் வீடே மாறிப்போயிருக்கும். அத்தகைய நிலையில் வீடு மாறுவதைத் தோல்வியாகக் கருத வேண்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

காலி செய்யுமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காலம்வரை வெளியேறக் கூடாது என்ற ஷரத்து இருந்தால், முன்பணத்துக்கு ஆபத்து நேரலாம். வீட்டுக்காரருக்கு முன்னரே எழுதிய கடிதங்கள் அப்போது நமக்காகப் பேசும். ஒப்பந்தமே இல்லாத மாதவாடகையாயின், பொதுச் சட்டப்படி பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். புதிய வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்வதே நம் வழக்கம். இனி ஒருமுறை இரவு பத்தரை மணிக்கும் அத்தெருவுக்குச் சென்று, மாடிப்படியருகே கால்மணி நேரம் நின்றுவிட்டு வரலாம்.