பெயர் ஒன்று, குடி பல

மக்களுள் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிதற்கு அமைந்த கருவியே பெயர். ஆயினும், பிரித்தறிதற்கென வந்த அப்பெயரே பலரை ஒருவராகவும் பல குடிகளை ஒரு குடியாகவும் மயங்கச் செய்தலும் உண்டு. மேனாட்டாருடைய பெயரின் இறுதியில் நிற்கும் குடிப்பெயர் தந்தையிடமிருந்து மைந்தர்க்கு வழிவழி வருவது. ஆதலின் ஒரே குடிப்பெயருடைய இருவரைக் காணுமிடத்து, அவ்விருவரும் ஒரு முன்னோன் வழித்தோன்றல்கள் என்று கொள்ளுதல் இயல்பாகத் தோன்றுகின்றது. ஒரே குடிப்பெயர் பொறித்த இரு வணிக நிறுவனங்களைக் காணுமிடத்து, அவை ஒரு குடும்பத்தாரின் உடைமை என்று எண்ணுதலும் அத்தகையதே. இவ்வெண்ணம் எத்துணை வலியுடையது என்பதை, ஜோன்சன் என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஜோன்சன் என்பது ‘ஜோனின் மகன்’ எனப் பொருள்படும். ஜோன் என்பது எபிரேய மொழியிலுள்ள யோகனான் என்னும் பெயரின் திரிபு. கிறித்தவ சமயத்தோடு ஐரோப்பா முழுதும் பரவிய இப்பெயரைத் தமிழ்க் கிறித்தவர் யோவான் என்றும் அருளப்பர் என்றும் வழங்குவர். பதினான்காம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆண்மக்களுக்குப் பெருவழக்காய் இடப்பட்ட பெயர்களுள் இதுவும் ஒன்று. அக்காலத்தே ஓர் ஊரில் வில்லியம் என்னும் பெயருடையார் இருவர் இருப்பின், ஒருவரை ‘ஜோனின் மகன் வில்லியம்’ என்றும், மற்றவரைத் தொழில்பற்றிக் ‘கொல்லன் வில்லியம்’ என்றும் ஊரார் சுட்டினர். இவ்வடைமொழி முதலில் அவ்வொருவரோடு நின்றது. பின்னர் வரியேடு, நில உறுதி, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றில் எழுதப்பட்டு நிலைபெற்றபோது மகனுக்கும் பேரனுக்கும் உரியதாயிற்று. தந்தையின் பெயர் தோமஸ் ஆயினும் மகன் ஜோன்சன் எனவே அழைக்கப்பட்டான்.

ஊர்தோறும் ஜோன் என்பார் பலர் இருந்தமையின், ஊர்தோறும் ஜோன்சன் குடிகள் தனித்தனியே தோன்றின. அவை ஓர் ஆலமரத்தின் விழுதுகளை ஒத்தவை அல்ல. மழை பெய்தபின் பல புலங்களில் வெவ்வேறாக முளைத்த ஓரினப் புல்லை ஒத்தவை. கொல்லன் எனப் பொருள்படும் ஸ்மித் என்னும் குடிப்பெயரின் வரலாறும் இதுவே. உலைக்களம் இல்லாத ஊர் இன்மையின், அப்பெயர் இல்லாத ஊரும் இல்லையாயிற்று.

இங்கிலாந்திற் பலவாய்த் தோன்றிய இப்பெயர் அமெரிக்காவை அடைந்தபின் மேலும் பல்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சுவீடன் முதலிய வடநாடுகளினின்று பெருந்தொகையினர் அமெரிக்காவிற் குடியேறினர். அவருட் பலர் யோகான்சன், யோன்சன் முதலிய தம் பெயர்களை ஆங்கில வழக்கிற்கு இயைய ஜோன்சன் என மாற்றிக்கொண்டனர். 1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, விடுதலையடைந்த ஆபிரிக்க மக்கள் தமக்கெனக் குடிப்பெயர் பூண்டனர். சிலர் பழைய ஆண்டைகளின் பெயரைத் தாங்கினர். சிலர் தாம் விரும்பிய பெயரைத் தெரிந்துகொண்டனர். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் ஜோன்சன் என்னும் குடிப்பெயருடையார் 19,32,812 பேர். ஸ்மித்துக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தில் நிற்கும் இப்பெயரைத் தாங்கியோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் கறுப்பின மக்கள். ஆண்டையின் பெயரும் அடிமையின் வழித்தோன்றலுடைய பெயரும் ஒன்றாயிருத்தலை நோக்கி உறவென்று கொள்ளின், அங்கு நிகழ்ந்த கொடுமையையே மறைத்தவராவோம்.

குருதிவழியன்றி வேறு வழிகளாலும் இப்பெயர் வந்தடைவதுண்டு. அமெரிக்க விண்வெளி ஆய்வில் 1962ஆம் ஆண்டு ஜோன் கிளென் என்பார் பூமியை வலம்வந்தபோது, அவருடைய பயணப்பாதைக் கணிப்புகளைச் சரிபார்த்த கணித அறிஞர் கதரின் ஜோன்சன் அம்மையார். அவர் பிறந்த குடியின் பெயர் கோல்மன். 1959இல் நிகழ்ந்த திருமணத்தினாலேயே ஜோன்சன் ஆயினார். 2019 முதல் 2022 வரை பிரித்தானியப் பிரதமராயிருந்த பொரிஸ் ஜோன்சன் அவர்களின் முப்பாட்டனார் அலி கெமால் என்னும் துருக்கியப் பத்திரிகையாளர். அவருடைய மகன் இங்கிலாந்தில் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்து, அப்பாட்டியின் குடிப்பெயரைத் தமதாக்கிக்கொண்டமையால் அக்கிளையினர் ஜோன்சன் என வழங்கலாயினர். ஆகவே பிறப்பு, மணம், வளர்ப்பு, குடியேற்றம், விடுதலை என ஐவகை வாயில்களாலும் இவ்வொரு பெயர் மக்களை வந்தடைந்துள்ளமை காண்க.

பெயரொற்றுமையோடு பிற ஒற்றுமைகளும் கூடுமிடத்து மயக்கம் வலுப்பெறும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைவர்களுள் ஜோன்சன் என்னும் பெயருடையார் இருவர். அன்றூ ஜோன்சன் 1808ஆம் ஆண்டிலும் லிண்டன் ஜோன்சன் 1908ஆம் ஆண்டிலும் பிறந்தனர். இருவரும் தென்மாநிலத்தவர், இருவரும் துணைத்தலைவராயிருந்தவர். 1865இல் ஆபிரகாம் லிங்கனும் 1963இல் ஜோன் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டமையால் முறையே தலைமைப் பதவியை எய்தினர். இத்துணைப் பொருத்தங்கள் இருந்தும் அவ்விருவர்க்கும் உறவு யாதும் இல்லை. பொருத்தங்கள் பலவாதல் உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இனி வணிகத் துறையை நோக்குவாம். 1886ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்து நியூ பிறன்சுவிக்கு நகரில் ஜோன்சன் உடன்பிறந்தார் மூவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். கிருமி நீக்கிய மருந்துக் கட்டுத்துணிகளைச் செய்து விற்ற அதுவே ஜோன்சன் அன்ட் ஜோன்சன். அதே 1886ஆம் ஆண்டில் விசுகொன்சின் மாநிலத்து றசீன் நகரிற் சாமுவேல் கேட்டிசு ஜோன்சன் என்பார், மரப்பலகைத் தளம் அமைக்கும் தொழிலொன்றை விலைக்கு வாங்கி நடத்தினார். தளத்திற்குப் பூசும் மெழுகினாற் புகழ்பெற்று வளர்ந்த அந்நிறுவனம் எஸ். சி. ஜோன்சன் என வழங்குவது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1885இல், றசீனுக்கு வடக்கே அதே ஏரிக்கரையிலமைந்த மில்வோக்கி நகரில், வாறன் ஜோன்சன் என்னும் ஆசிரியர் அறையின் வெப்பத்தை அளவுபடுத்தும் மின்கருவியைச் செய்தற்கு மற்றுமொரு நிறுவனத்தை நிறுவினார். அது பின்னர் ஜோன்சன் கொன்ட்ரோல்சு எனப் பெயர் பெற்றது. ஈராண்டுகளில் ஒரு நாட்டில் எழுந்த இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை; நிறுவினோரும் வெவ்வேறு குடியினர்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ஜோன்சன் உடன்பிறந்தார் மூவருள் ஒருவராகிய எட்வேட் மீட் ஜோன்சன் பின்னர்ப் பிரிந்து சென்று மீட் ஜோன்சன் என்னும் வேறொரு நிறுவனத்தை அமைத்தார். குழந்தைகளுக்கான உணவுகளை ஆக்கிய அது, மூத்த நிறுவனத்தோடு குருதியால் உறவுடையது; வணிகத்தால் வேறானது. எனவே, பெயரொற்றுமை குருதியுறவைக் காட்டாது. குருதியுறவு இருப்பினும் அது வணிகவுறவைக் காட்டாது.

இவ்வேறுபாட்டை அறிதல் வெறும் அறிவின்பத்திற்காக அன்று. வணிகனுடைய பெயர் அவன் பல்லாண்டு ஈட்டிய நம்பிக்கையின் கொள்கலம். ஒருவன் தன் பெயரைத் தன் கடைக்கு இடுதல் அவனுக்கு இயல்பாயுள்ள உரிமை. அவ்வுரிமையால் அதே பெயருடைய மற்றொருவன் ஈட்டிய நம்பிக்கை பறிபோகுமாயின் யாது செய்வது? இவ்வினா ஆங்கில நீதிமன்றங்களிற் பன்முறை எழுந்தது. இலண்டனில் டே அன்ட் மாட்டின் என்னும் நிறுவனம் சப்பாத்துக்குப் பூசும் மைக்குப் பெயர்பெற்றிருந்தது. டே என்னும் பெயருடைய வேறொருவர், மாட்டின் என்னும் பெயருடைய ஒருவரைத் துணைக்கொண்டு, அந்நிறுவனத்துக்கு அணித்தாகக் கடையமைத்து, அதன் முகப்புத் தாளை ஒத்த தாளோடு மை விற்றார். 1843ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பெயர் அவருடையதே, ஆயினும் தம் பொருளைப் பிறர் பொருளென மக்கள் மயங்குமாறு அப்பெயரை ஆளுதற்கு அவர்க்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பின் கருத்து. 1853இல் நிகழ்ந்த பேர்ஜெசு வழக்கிலோ முடிவு வேறாயிற்று. தந்தை விற்றுவந்த நெத்தலி மீன்சாரத்தை மகனும் தனித்து நின்று தன் பெயரால் விற்றான். வஞ்சனை காணப்படாமையின் அவனைத் தடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெயர் பொதுவாகலாம், வஞ்சனை ஆகாது என்னும் நடுவுநிலையை இவ்விரு வழக்குகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

நம்மவருள்ளும் இச்சிக்கல் எழுந்தது. அதனைத் தீர்க்கும் வழியையும் நம்மவர் கண்டிருந்தனர். கொழும்புச் செட்டியார் தெரு முதற் பர்மா, மலாயா வரை கொண்டுவிற்றல் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் அனைவர்க்கும் செட்டியார் என்பது பொதுப்பெயர். அதனால் ஒருவருடைய கடையை மற்றொருவருடைய கடையினின்று பிரித்தறிதல் இயலாது. ஆதலின் அவர் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘விலாசம்’ என ஒன்றை அமைத்துக்கொண்டனர். கடன்சீட்டும் கணக்கேடும் அவ்விலாசத்தாலேயே அறியப்பட்டன. உறவு எது, உறவு அன்று எது என்பதையோ பொதுப்பெயரால் முடிவு செய்தாரில்லை. ஒன்பது நகரக் கோயில்களுள் எக்கோயிலைச் சார்ந்தவர் என்பதனாலேயே பங்காளி உறவைத் துணிந்தனர். வணிகத்துக்கு ஓர் அடையாளம், உறவுக்கு மற்றோர் அடையாளம் என வகுத்த அவர்தம் நுண்ணறிவு பாராட்டற்பாலது.

ஈழநாட்டிற் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ முதலிய பெயர்கள் பரவிய வரலாறும் ஈண்டு நினைத்தற்குரியது. 1505ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்த போர்த்துக்கேயரின் ஆட்சிக்காலத்தே ஞானத்தீட்சை பெற்றோர் பலர்க்கு அவர்தம் மொழிப் பெயர்கள் வழங்கப்பட்டன. 1557இல் தீட்சை பெற்ற கோட்டை மன்னன் தர்மபாலனும் தொன் யுவான் என்னும் பெயர் பூண்டான். எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடிப் பரதவர் 1530ஆம் ஆண்டுகளிற் கிறித்தவராயினர். அவருள்ளும் பெர்னாண்டோ என்னும் பெயர் பெருவழக்காயிற்று. சில்வா என்பதற்குப் போர்த்துக்கேய மொழியிற் காடு என்பது பொருள். அப்பெயர் தாங்கிய சிங்களவரும் தமிழரும் போர்த்துக்கேயர் வழித்தோன்றல்கள் எனக் கொள்ளுதலும், அப்பெயருடையார் அனைவரும் ஒரு குடியினர் எனக் கொள்ளுதலும் ஒருங்கே பிழையாம். கடைவீதியிற் காணும் பெரேரா என்னும் பெயர்ப்பலகைகள் பலவும் ஒரு குடும்பத்தைச் சார்ந்தன அல்ல என்பது யாவரும் அறிந்ததே.

தமிழராகிய நமக்கோ குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைத்து வழங்குவதே நம் மரபு. தலைமுறைதோறும் அது மாறும். மேனாடு செல்லும் நம்மவர் குடிப்பெயர் எழுதவேண்டிய இடத்திற் பெரும்பாலும் தந்தை பெயரையே எழுதுகின்றனர். இதனால் இருவகை மயக்கம் விளைகின்றது. தந்தையர் இருவர்க்கும் சுப்பிரமணியம் என்னும் பெயர் அமைந்தமையால், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரு குடும்பத்தவராகத் தோன்றுவர். உடன்பிறந்தார் இருவருடைய மக்களோ வெவ்வேறு பெயர் தாங்கி, உறவில்லாதார்போலத் தோன்றுவர். உறவின்மை உறவாகவும், உறவு உறவின்மையாகவும் ஏட்டிற் பதிவாகும் இந்நிலை, சொத்துரிமை, குடியுரிமை, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றில் இடர் விளைத்தற்கு இடனுண்டு. ஆதலின் கடல்கடந்து செல்லும் மாணவர் தம் பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே முறையாக எழுதுதலும், பிறப்புப் பதிவை உடன் வைத்திருத்தலும் இன்றியமையாதன.

பொதுப்பெயரைப் பிழையென ஒதுக்குதல் எத்துணைத் தீங்கு தருமென்பதையும் மறத்தல் ஆகாது. 1699ஆம் ஆண்டிற் குரு கோவிந்த சிங் கல்சா என்னும் அமைப்பை நிறுவியபோது, ஆடவர் சிங் எனவும் பெண்டிர் கவுர் எனவும் பெயர் தாங்கும் மரபு நிலைபெற்றது. குலவேற்றுமையைக் காட்டும் பெயர்கள் நீங்கி யாவரும் நிகராதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்பெயருடையார் மிகப் பலர் என்னும் காரணத்தாற் குடியேற விரும்பியோர் வேறு பெயர் காட்டவேண்டுமெனக் கனடா நாட்டுக் குடிவரவு அலுவலகம் கேட்டுவந்தது. எதிர்ப்பு எழுந்தமையால் 2007ஆம் ஆண்டில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பதிவேட்டிற்கு இடையூறாகத் தோன்றிய பெயர், அதனைத் தாங்கியோர்க்குச் சமத்துவத்தின் சின்னமாயிருந்தது.

ஆகவே, ஒரு குடிப்பெயர் நமக்கு உறுதியாகக் கூறுவது ஒன்றே: இவர்தம் வழியில் எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணம்பற்றி இப்பெயரை ஏற்றார் என்பது. அவ்விடம் எது, அக்காரணம் யாது என வினவி விடை கண்டபின்னரே உறவையும் இனத்தையும் உடைமையையும் பற்றிப் பேசுதல் முறை. வரலாறு கற்போர்க்கும், வணிகம் செய்வோர்க்கும், பதிவேடு எழுதுவோர்க்கும் இவ்வினா ஒருங்கே உரியது. பெயரளவில் ஒருவரை உறவென்று தழுவுதல் சிறு பிழை. பெயரளவில் ஒருவருடைய பிறப்பையும் பண்பையும் துணிந்து ஒதுக்குதலோ பெரும் பிழையாம்.