புட்டி யுத்தம்!

தாத்தா காலத்து வரப்புத் தகராறில் அரை அடி நிலத்துக்காகப் பெரியப்பாவும் அப்பாவும் பன்னிரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அதனாலோ என்னவோ, ஹான்ஸ் தீவின் கதையைப் படித்தபோது சொந்தக்காரர் வீட்டு விவகாரம் போலவே இருந்தது.

வட துருவத்திலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர். ஒரு பக்கம் கனடாவின் எல்ஸ்மியர் தீவு, மறுபக்கம் கிரீன்லாந்து. நடுவில் நேர்ஸ் ஜலசந்தி. அதன் மையத்தில் மொட்டைப் பாறையாக நிற்கிறது இந்தத் தீவு. பரப்பு 1.3 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் 320 ஏக்கர் சொச்சம். ஒரு மரம் கிடையாது. வருஷத்தில் நாலு மாசம் சூரியனே தலைகாட்டாது. வடக்கேயிருந்து வரும் பனிப்பாளங்கள் வந்து மோதிக்கொண்டே இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் ஒரு கனடா எண்ணெய்க் கம்பெனி, அந்த மோதலின் பலத்தை அளக்கவே அங்கே போய் உட்கார்ந்தது!

சிக்கல் எங்கே? ஜலசந்தியின் அகலம் அங்கே சுமார் 35 கிலோமீட்டர்தான். கரையிலிருந்து 22 கிலோமீட்டர் வரை கடல் நமக்குச் சொந்தம் என்கிறது சர்வதேசச் சட்டம். ஆக, தீவு இரண்டு பேர் கைக்கும் எட்டுகிறது. 1973-ல் கனடாவும் டென்மார்க்கும் கடலில் கோடு போட்டார்கள். கோடு தீவின் தென்முனையில் நின்று, வடமுனையில் மறுபடி ஆரம்பித்தது. நடுவில்? 'அப்புறம் பார்த்துக்கலாம்!' நம்ம ஆபீஸ் ஃபைல்தான்.

1984-ல் டென்மார்க்கின் கிரீன்லாந்து மந்திரி டாம் ஹோயெம் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, கொடி நட்டு, பக்கத்தில் ஒரு புட்டியும் வைத்துவிட்டு வந்தார். கனடாக்காரர்கள் வந்தால் விஸ்கி, டென்மார்க்காரர்கள் வந்தால் ஸ்னாப்ஸ் என்று பிற்பாடு அதுவே சம்பிரதாயமாகிவிட்டது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை சார்!

எனக்கு மனசில் நிற்பது பெயருக்குரிய மனிதர். ஹான்ஸ் ஹென்ட்ரிக், கிரீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர். வெள்ளைக்காரர்களின் துருவப் பயணங்களுக்கு வழிகாட்டி. 1872 அக்டோபரில் 'போலாரிஸ்' கப்பல் பனியில் சிக்கியபோது, 19 பேர் ஒரு பனிப்பாளத்தின் மேல் தனியாக மாட்டிக்கொண்டார்கள். அதில் ஹான்ஸின் மனைவி, குழந்தைகள், பிறந்து இரண்டு மாசமே ஆன கைக்குழந்தை. ஆறு மாசத்துக்கு மேல் மிதந்தார்கள். ஹான்ஸும் இன்னொரு இனுயிட்காரரும் சீல் வேட்டையாடிக் கொண்டுவந்ததைத் தின்று, 19 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

கொடி நட்டவர்கள் யாரும் அங்கே ஒரு மாசம் தங்கியதாகத் தெரியவில்லை. வேட்டைக்காகக் காலகாலமாக அந்தப் பக்கம் வந்துபோனவர்கள் இனுயிட்கள்தான்.

ஒருவழியாக 2022 ஜூன் 14-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவின் குறுக்கே இயற்கையாக ஓடும் ஒரு பள்ளம்தான் எல்லை. பெரிய பங்கு டென்மார்க்குக்கு. இனுயிட்கள் இரண்டு பக்கமும் வழக்கம்போல வந்துபோகலாம். கையெழுத்துப் போட்ட வெளியுறவு மந்திரிகள் அன்றைக்கும் புட்டி மாற்றிக்கொண்டார்கள். அதுவரை தரைவழியில் அமெரிக்காவை மட்டுமே பக்கத்து வீடாக வைத்திருந்த கனடாவுக்கு, இரண்டாவதாக ஒரு பக்கத்து வீட்டுக்காரர். மதில்சுவர்தான் இல்லை.