உமக்கு மிகவும் பிடித்த நூல் யாது?

படிக்கும் பழக்கமுள்ள இருவர் ஓரிடத்திற் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றி இறுதியில் ஒரு வினாவில் வந்து நிற்பது வழக்கம். "இதுவரை நீர் படித்தவற்றுள் உமக்கு மிகவும் பிடித்த நூல் யாது?" கேட்பவர் எளிதாகக் கேட்டுவிடுகிறார், விடை கூற வேண்டியவரே இடர்ப்படுகிறார். ஒன்றைச் சொன்னால் மற்றவை வருந்துமோ என்பவர்போலத் தயங்குகிறார். பத்து நூல்களைச் சொல்ல அனுமதி கேட்கிறார். பத்தையும் சொல்லி முடித்தபின், வீதிவரை சென்றவர் திரும்பி வந்து, "இன்னும் ஒன்றை மறந்துவிட்டேன்" என்கிறார்.

இத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்வினாவினுள்ளே வேறு வினாக்கள் ஒளிந்திருக்கின்றன. உயர்ந்த நூல் எது என்பது ஒன்று. உள்ளத்துக்கு நெருங்கிய நூல் எது என்பது வேறொன்று. ஒரு நூலை வணங்கலாம், ஆயினும் அதனை எடுத்துப் படிக்க மனம் வராதிருக்கலாம். மற்றொரு நூலின் குறைகளையெல்லாம் அறிந்திருந்தும், ஆண்டுக்கொருமுறை அதனையே நாடிச் செல்லலாம். இவ்வேறுபாட்டைக் கருதாது விடை கூறப் புகுந்ததனால் விளைந்த பெரியதொரு வாதத்தை, 1886ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரம் கண்டது.

அவ்வாண்டின் தொடக்கத்தில், சேர் யோன் லபொக் என்பவர் இலண்டனிலுள்ள தொழிலாளர் கல்லூரியிலே வாசிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர் அக்கல்லூரியின் தலைவர்; வங்கி முதல்வர்; பாராளுமன்ற உறுப்பினர்; எறும்புகளின் வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்த விஞ்ஞானி; சாள்ஸ் டார்வினின் அயலவரும் நண்பருமாவார். நம் நாட்டு நாட்காட்டிகளில் இன்றும் காணப்படும் 'வங்கி விடுமுறை' என்னும் தொடருக்கு மூலமான 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவரே. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு நாளைத் தேடிக்கொடுத்தவர், அவ்வோய்வில் எதனைப் படிப்பது என்பதையும் எண்ணிப் பார்த்தது இயல்பே.

அவர் ஏறக்குறைய நூறு நூல்களின் பெயர்களை எடுத்துரைத்தார். விவிலியம், ஓமரின் காவியங்கள், மார்க்கஸ் ஒறீலியசின் சிந்தனைகள், சேக்ஸ்பியர் என்று செல்லும் அவ்வரிசையில் இராமாயணமும் மகாபாரதமும் இடம்பெற்றிருந்தன. கன்பூசியசின் உரைகளும் பாரசீகத்துச் சாநாமாவும் இருந்தன. ஓர் ஆங்கிலேயர் அக்காலத்தில் வகுத்த பட்டியலில் கீழைத்தேய நூல்கள் இத்துணை இடம்பெற்றமை பாராட்டத்தக்கதே.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவை தமக்கு மிகவும் பிடித்த நூறு நூல்கள் என்று லபொக் கூறவில்லை. படிக்கத்தக்கவை என்று பலராலும் அடிக்கடி பரிந்துரைக்கப்பட்டவற்றையே தொகுத்ததாக அவர் பின்னர் விளக்கினார். சீனத்து நூல்கள் தம் உள்ளத்தைப் பெரிதும் கவரவில்லை என்றும், பெரியதோர் இனம் அவற்றைப் போற்றி வருவதனாலேயே சேர்த்ததாகவும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அஃதாவது, அவர் தந்தது மரியாதையின் பட்டியல். அன்பின் பட்டியல் அன்று. கேட்டவர்களோ அதனை அன்பின் பட்டியலாக எடுத்துக்கொண்டு வாதிடத் தொடங்கினர்.

'பெல் மெல் கசெற்' என்னும் பத்திரிகை இதனை வெளியிட்டு, நாட்டின் புகழ்பெற்றோர் பலரிடம் அவர்தம் கருத்தைக் கேட்டது. கலைத் திறனாய்வாளராகிய யோன் ரஸ்கின் பேனாவை எடுத்து அப்பட்டியலில் இருந்த பல பெயர்களை அடித்துவிட்டார். கிபன் போயினார், வோல்ட்டயர் போயினார், மில் போயினார், டார்வினும் தப்பவில்லை. இத்துணைக் கண்டிப்புக் காட்டிய அப்பெரியார் தமது நூறு ஆசிரியருள் முதலிடத்தை யாருக்கு அளித்தார் தெரியுமா? சிறுவர் சிரித்து மகிழப் பொருளற்ற பாக்களைப் புனைந்த எட்வேட் லியருக்கு! தாம் சோர்ந்திருந்த வேளைகளில் தமக்குக் களிப்பூட்டியவர் அவரே என்னும் நன்றியுணர்வே அதற்குக் காரணம். டார்வினை விலக்கியதை ஏற்க முடியாதவரும், இந்த ஒரு தெரிவுக்காக ரஸ்கினை மன்னித்துவிடலாம்.

வில்லியம் மொறிஸ் தமக்கெனத் தனியே ஒரு பட்டியல் அனுப்பினார். தனியொருவர் எழுதாது ஒரு மக்கட் கூட்டத்தின் உள்ளத்திலிருந்து தோன்றியவை என அவர் கருதிய நூல்களுக்கு வேறாகக் குறியிட்டு, அவற்றையெல்லாம் 'விவிலியங்கள்' என்றே வழங்கினார். அவ்வகையில் மகாபாரதமும் பின்லாந்து மக்களின் கலேவலாவும் கிறிம் சகோதரர் திரட்டிய நாடோடிக் கதைகளும் அவருக்கு ஒரே வரிசையில் அமைந்தன. ஒஸ்கார் வைல்ட் இவற்றையெல்லாம் கண்டு நகைத்தவர். எதைப் படிக்க வேண்டும் எனக் கூறுவதிலும், எதைப் படிக்கலாகாது எனக் கூறுவதே பெரிய உபகாரம் என்பது அவர் எழுதியதன் சாரம்.

பட்டியலில் லபொக் வகுத்த ஒரு விதி மட்டும் அக்காலத்தில் அறிவுடையதாயிருந்தது. உயிரோடிருக்கும் ஆசிரியர்களை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. நட்பும் பகையும் பத்திரிகைப் புகழும் ஒருவாறு அடங்கிய பின்னரே நூலின் நிறை தெரியவரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மரியாதையையும் அன்பையும் பிரித்தெடுப்பதற்குச் சிறந்ததோர் உபாயத்தைப் பிற்காலத்தில் வானொலியே கண்டுபிடித்தது என்றால் நேயர்கள் மகிழ்வார்கள். 1942ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ரோய் பிளம்லி என்பவர் அமைத்த ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆளில்லாத் தீவொன்றில் தனித்து விடப்பட்டால் எந்த எட்டு இசைத்தட்டுக்களை உடன் கொண்டுசெல்வீர் என்பது விருந்தினரிடம் கேட்கப்படும் வினா. 1951 முதல் ஒரு நூலையும் தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று. ஆனால் விவிலியமும் சேக்ஸ்பியரின் நாடகங்களும் தீவில் முன்னரே இருக்கின்றன. அவற்றைத் தெரிய வேண்டியதில்லை. இந்நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது.

இவ்விதியின் சிறப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடமையாகச் சொல்ல வேண்டியவை கையிலே வந்து சேர்ந்துவிட்டபடியால், இனிமேற் சொல்வது அவரவர் சொந்த விருப்பமாகவே இருக்கும். நம்மவரிடையே இதே வினாவை எழுப்பினால், பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது திருக்குறள், அடுத்தது கம்பராமாயணம். அவ்விடையிற் பிழையில்லை. ஆயின் அவ்விடையோடு உரையாடலும் முடிந்துவிடுகிறது. திருக்குறளையும் கம்பனையும் முன்னரே தந்துவிட்டோம், இனிச் சொல்லும் என்று கேட்டால், அப்போதுதான் ஒருவர் பதினான்கு வயதில் விளக்கொளியிற் படித்த துப்பறியும் நாவலையும், மற்றொருவர் பாட்டியார் பாடக் கேட்ட அம்மானையையும் கூசிக் கூசி வெளியே எடுப்பார்கள்.

தமிழிற் பட்டியல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் க. நா. சுப்ரமண்யம். 'படித்திருக்கிறீர்களா?' என்னும் தலைப்பிலேயே தாம் விரும்பிய நூல்களை எடுத்துக் காட்டியவர் அவர். சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள் எனப் பன்முறை வரிசைப்படுத்தினார். நல்ல வாசகனின் சுவையே அளவுகோல் என்பது அவர் நிலை. யாழ்ப்பாணத்தவரும் மலாயாவில் வளர்ந்தவருமாகிய பேராசிரியர் க. கைலாசபதி இதனைக் கடுமையாக மறுத்தார். சுவை என்பது வானத்திலிருந்து வீழ்வதன்று; வாசகன் எச்சமூகத்தில், எவ்வகுப்பில் நின்று படிக்கின்றான் என்பதே அவன் சுவையை உருவாக்குகின்றது என்பது அவர் வாதம். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. எனினும், காரணம் கூறாது பெயர்களை மட்டும் அடுக்கிச் செல்லும் பட்டியலைக் கொண்டு எவரும் யாரோடும் வாதிட இயலாது என்பதில் கைலாசபதியின் பக்கமே வலியது. "எனக்குப் பிடித்தது" என்பது உரையாடலின் முதல் வாக்கியமாகலாம். "ஏன்?" என்பது அதற்கடுத்து வந்தே ஆகவேண்டும்.

பலருடைய விருப்பங்களைக் கூட்டிக் கணக்கெடுத்தால் என்ன ஆகும்? 2002ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு நூற்கழகம் ஒன்று 54 நாடுகளைச் சேர்ந்த 100 எழுத்தாளரிடம், ஒவ்வொருவரும் பப்பத்து நூல்களைக் கூறுமாறு கேட்டது. வாக்குகளில் முதலிடம் செர்வாந்தெசின் 'டொன் கிகோத்தே'க்குக் கிடைத்தது. ஏனைய தொண்ணூற்றொன்பதை வரிசைப்படுத்தாமலே வெளியிட்டனர். அது நல்ல முடிவே. இராமாயணமும் மகாபாரதமும் 116 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இடம்பெற்றன. தமிழ் நூல் ஒன்றேனும் அவற்றுள் இல்லை. இதற்காகச் சினங்கொள்வதிற் பயனில்லை. படியாத நூலை எவரும் விரும்ப முடியாது. கைக்கு எட்டாத மொழியில் உள்ளதை எவரும் படிக்க முடியாது.

கைக்கு எட்டாமை பிற மொழியாளருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் படித்தவருக்கே அது நேர்ந்த வரலாற்றை உ. வே. சாமிநாதையர் அவர்கள் 'என் சரித்திரம்' என்னும் நூலில் எழுதியுள்ளார். 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஐயருக்கு அப்போது வயது 25. அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றம் பெற்று வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தம் கல்விச் செல்வத்தைத் திறந்து வைத்தார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என வரிசை நீண்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங் கேட்டவர் அல்லரோ! முதலியார் முகத்திலோ வியப்பேதும் தோன்றவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்றும் கேட்டுவிட்டார். பின்னர், சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை. பிரதி கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கத் தடையில்லை என்றார்.

இருவர் தத்தம் நூல்களை ஒப்பிட்டுப் பேசிய பேச்சுத்தான் இது. ஒருவர் சொன்ன பட்டியல் மிக நீண்டது. மற்றவர் சொன்னது மூன்றே பெயர். ஆனால் முதலியார் பெயர்களைச் சொல்லி நிறுத்தவில்லை. பின்னொரு நாள் சிந்தாமணியின் கடிதப் பிரதியொன்றைக் கையிலே கொடுத்து, அதனைத் தமக்குப் பாடஞ் சொல்லுமாறு கேட்டார். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே கற்க வேண்டிய நிலை. சமண சமயச் செய்திகள் விளங்காது ஐயர் திகைத்தபோது, கும்பகோணத்திலிருந்த சைனர்களைத் தேடிச் சென்றார். அங்கே ஒரு வீட்டில் மாக்கோலமும் தோரணமுமாக விழாக்கோலம் கண்டு காரணம் வினவினார். சிந்தாமணியைச் சில மாதங்களாக வாசித்து அன்று நிறைவு செய்கிறோம் என்றார்கள்! தமிழாசிரியர் கண்ணாற் கண்டிராத நூல், அதே ஊரிலே சில தெருக்களுக்கப்பால், ஒரு குடும்பத்தாரின் அன்பிற்குரிய நூலாக ஓதப்பட்டு வந்திருக்கிறது. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமையால் அறியாதிருந்தனர்.

சிந்தாமணி 1887இல் அச்சேறியது. சிலப்பதிகாரம் 1892இலும் மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. அதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஐம்பெருங்காப்பியம் என்பதும் பழையதொரு பட்டியலே. நன்னூலுக்கு உரை வகுத்த மயிலைநாதர் காலத்திலேயே அத்தொடர் வழக்கிலிருந்தது. பட்டியலில் இடம்பெற்றதனால் மட்டும் ஒரு நூல் பிழைத்துவிடுவதில்லை. ஐந்தனுள் வளையாபதியின் ஏட்டை, மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் கற்ற இளமைக் காலத்தில், திருவாவடுதுறை மடத்து ஏட்டுச் சுவடிகளிடையே தாம் பார்த்ததாக ஐயர் எழுதியுள்ளார். அக்காலத்தில் அதனைப் படித்திருக்கிறீரா என்று அவரை எவரும் கேட்கவில்லை. பழைய காவியங்களின் அருமை தெரிந்தபின் மீண்டும் சென்று தேடியபோது அவ்வேடு அங்கில்லை. வேறெங்கும் கிடைக்கவுமில்லை. பிறர் தம் உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாண்ட எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுட்களே அக்காப்பியத்தில் இன்று எஞ்சியிருக்கின்றன.